ரயில் பைத்தியம் பிடித்த குட்டியோடு கிளம்புகிறீர்களா?

மூன்று வயதுக் குழந்தைக்கு ஊட்டியும் தெரியாது, ராமேஸ்வரமும் தெரியாது. அதற்கு ரயில்தான் ஊர். பெரியவர்கள் நாம்தான் "எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம்" என்று கணக்குப் போடுகிறோம். அவசரமும் அழுகையும் அங்கேதான் தொடங்குகின்றன. இன்னொன்று: இன்ஜினைப் பார்த்த நொடியில் இந்தப் பிள்ளைகளுக்கு மஞ்சள் கோடு கண்ணில் படாது, அம்மா கூப்பிடுவதும் காதில் விழாது. ரயிலை நோக்கி ஓடும். மற்றப் பிள்ளைகள் ஹாரன் சத்தத்துக்குப் பயந்து பின்வாங்கும் இடத்தில் இவர்கள் முன்னே போவார்கள். அதனால் உங்களுக்கு வேலை இரண்டு மடங்கு.

இரண்டு வயது முதல் ஏழு வயது வரை உள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதியது இது. இந்த ஞாயிற்றுக்கிழமையே நீங்கள் கிளம்பப் போகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை

• முதல் பயணத்தைச் சின்னதாக வையுங்கள். சென்னையில் இருந்தால் கடற்கரை–தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயினில் நாலு ஸ்டேஷன் போய்த் திரும்பினால் போதும். குறைந்தபட்ச டிக்கெட் ₹5, பிளாட்பாரம் டிக்கெட்டோ ₹10. வேடிக்கை பார்ப்பதைவிட ஏறிப் போவதே மலிவு. காலை பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் போங்கள், ஜன்னல் ஓரம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவாக ஓடும், நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

• வேடிக்கை பார்க்க மட்டும் என்றால், தண்டவாளம் முடியும் ஸ்டேஷனுக்குக் கூட்டிப் போங்கள். சென்னை சென்ட்ரல், ராமேஸ்வரம், திருச்செந்தூர், கன்னியாகுமரி போன்ற இடங்களில் வருகிற ரயில் எல்லாம் ஊர்ந்து வந்துதான் நிற்கும். நிற்காமல் பாய்ந்து போகும் வண்டியே கிடையாது. கிளம்ப வேண்டிய ரயிலும் முன்கூட்டியே வந்து நின்றுவிடும். நீங்கள் நிதானமாகக் கடைசிப் பெட்டியிலிருந்து இன்ஜின் வரை நடந்து காட்டலாம். வழியில் உள்ள சின்ன ஸ்டேஷன்களில் அப்படி இல்லை. மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் எக்ஸ்பிரஸ் கடந்து போகும்போது எழும் காற்றும் தூசியும் பெரியவர்களையே தடுமாற வைக்கும். ஆளில்லாத அமைதியான ஸ்டேஷன்தான் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். உண்மை அதற்கு நேர்மாறு.

• சென்னை மெட்ரோ என்றால் மேலே ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். சுரங்கத்துக்குள் ஜன்னலில் தெரிவது இருட்டு மட்டும்தான். விமான நிலையம் முதல் சின்னமலை வரை முழுக்க மேம்பாலத் தடம். மீனம்பாக்கம் பக்கம் விமானம், கிண்டிப் பக்கம் கீழே எலெக்ட்ரிக் ட்ரெயின் என்று இரண்டும் கிடைக்கும். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரம் உள்ள குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். எஸ்கலேட்டரில் மட்டும் தூக்கிக்கொள்ளுங்கள். மெத்தென்ற ரப்பர் செருப்பின் நுனி படியின் ஓரத்தில் எளிதாகச் சிக்கும்.

• ரயில் மியூசியத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள். சென்னையில் ஐசிஎஃப் (ரயில் பெட்டித் தொழிற்சாலை) வளாகத்தை ஒட்டி 2002 முதல் இருக்கும் மியூசியத்தில் பழைய இன்ஜின்கள் திறந்தவெளியில்தான் நிற்கின்றன. மதியம் அந்த இரும்புப் படியையும் கைப்பிடியையும் தொட முடியாது, பிஞ்சுக் கை சுட்டுவிடும். குட்டி ரயில் ஒன்று சுற்றி வருகிறது. முதலில் அதில் ஏற்றிவிடுங்கள், அப்புறம்தான் பிள்ளை மற்றதைப் பார்க்கும். திங்கட்கிழமை மூடியிருக்கும். முதல் வந்தே பாரத் ரயில் 2018-இல் உருவானது இந்த ஐசிஎஃப்பில்தான் என்று சொல்லுங்கள், கண் விரியும்.

• ஊட்டி மலை ரயிலுக்கு முன்பதிவு திறந்த அன்றே டிக்கெட் எடுங்கள். விடுமுறைக் காலத்தில் அது நிமிடங்களில் தீர்ந்துவிடும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர்தான், ஆனால் ஏறுவதற்கு ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பெட்டியில் கழிப்பறை கிடையாது. நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளை என்றால் என் யோசனை, குன்னூரிலிருந்து ஊட்டி வரை மட்டும் போங்கள் என்பதே. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட ஆகும். பிள்ளையும் தாங்கும், நீங்களும் தாங்குவீர்கள். ஆனால் அந்தப் பகுதியில் இழுப்பது டீசல் இன்ஜின். நீராவி இன்ஜினையும், நடுத் தண்டவாளத்தில் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறுவதையும் காட்ட வேண்டும் என்றால் மேட்டுப்பாளையம்–குன்னூர் பகுதிக்குத்தான் போக வேண்டும். அங்கே இன்ஜின் பின்னால் இருந்து தள்ளிக்கொண்டு வரும். முன்னால் தேடி ஏமாறாதபடி பிள்ளையிடம் முதலிலேயே சொல்லுங்கள். மொத்தம் 16 குகைகள் வரும் என்பதையும் சொல்லுங்கள். தெரிந்து நுழைகிற பிள்ளை இருட்டில் கத்தி மகிழும், தெரியாமல் நுழைகிற பிள்ளை அலறும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மண்சரிவால் ரயில் ரத்தாவது வழக்கம்; அந்த மாதங்களில் அதை நம்பிப் பயணம் வைக்க வேண்டாம்.

• பாம்பன் பாலத்தை ரயிலுக்குள் இருந்து காட்டுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலம் 2 கிலோமீட்டருக்குச் சற்று அதிக நீளம். கப்பல் வந்தால் நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு லிஃப்ட் மாதிரி செங்குத்தாக மேலே போகும். மதுரையிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ பாசஞ்சர் ரயிலில் ராமேஸ்வரம் போனாலே இரண்டு பக்கமும் கடல் கிடைத்துவிடும்.

• ஏறும்போதும் இறங்கும்போதும் வரிசையை முடிவு செய்யுங்கள். ஏற, முதலில் ஒரு பெரியவர், நடுவில் குழந்தை, கடைசியில் இன்னொருவர். இறங்கவும் முதலில் ஒரு பெரியவர்தான். பெட்டி படுக்கை எல்லாம் அதற்கப்புறம். குழந்தையை முதலில் ஏற்றிவிட்டு சாமானைத் தூக்கத் திரும்பும் அந்தப் பத்து நொடியில்தான் வண்டி நகர்கிறது.

• கிளம்பும் முன் குழந்தையை அன்றைய உடையில் ஒரு போட்டோ எடுங்கள், கையில் உங்கள் போன் நம்பரை எழுதுங்கள். கூட்டத்தில் தொலைந்தால் "நீலச் சட்டையா, பச்சையா" என்று பெற்றவர்களே தடுமாறுகிறார்கள். நம்பரைப் பேனாவால் முன்கையில் எழுதி, மேலே ஒட்டும் டேப் போட்டால் வியர்வையில் அழியாது.

• ஜன்னல் ஷட்டரை நீங்களே இழுத்துப் பார்த்துவிட்டு உட்கார வையுங்கள். ஸ்லீப்பர் பெட்டியில் இரண்டு ஷட்டர் இருக்கும், ஒன்று கண்ணாடி, ஒன்று தகரம். மேலே தள்ளி, இருபக்கக் கொக்கியும் விழுந்த சத்தம் கேட்ட பிறகு, கீழ்நோக்கி ஒருமுறை பலமாக இழுங்கள். ஒரு பக்கக் கொக்கி மட்டும் பிடித்திருந்தால் ரயில் குலுங்கும்போது அது அப்படியே இறங்கும். அடியில் இருப்பது உங்கள் குழந்தையின் விரல்கள்.

• ரயில் நெருங்கும்போது காதைப் பொத்திக்கொள்ளக் கற்றுக்கொடுங்கள். ஹாரன் சத்தத்தில் அழுகிற பிள்ளைக்கு ரயில்மேல் ஆசை போய்விடவில்லை, காது வலிக்கிறது, அவ்வளவுதான்.

• இன்ஜின் எழுத்துகளைப் படிக்கச் சொல்லிக்கொடுங்கள். டபிள்யூஏபி-7 என்றால் பயணிகள் ரயில் இழுப்பது, டபிள்யூஏஜி-9 என்றால் கூட்ஸ் இழுப்பது. கடைசிப் பெட்டியின் முதுகில் பெரிய எக்ஸ் குறி இருக்கும். அதைப் பார்த்தால் ரயில் முழுதாக வந்துவிட்டது, நடுவில் பெட்டி எதுவும் கழன்று நின்றுவிடவில்லை என்று ஸ்டேஷன்காரர்கள் தெரிந்துகொள்வார்கள். அந்த எக்ஸுக்காகக் காத்திருக்கும் பிள்ளை, ரயில் முழுக்கக் கடந்து போகும்வரை உங்கள் பக்கத்திலேயே நிற்கும்.

• வீடு திரும்பும் நேரத்தை ரயில் கணக்கில் சொல்லுங்கள். "இன்னும் பத்து நிமிஷம்" என்பது மூன்று வயதுக்குப் புரியாது. "இன்னும் ரெண்டு ரயில், அப்புறம் பாட்டி வீடு" புரியும். சொன்ன இரண்டும் வரும்வரை இருங்கள். வாக்கை மீறினால் அடுத்த முறை உங்கள் பேச்சு எடுபடாது.

• இட்லிப் பொடி தடவிய இட்லி, தயிர் சாதம், வாழைப்பழம், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பசித்த பிள்ளைக்கு எந்த இன்ஜினும் ஆறுதல் இல்லை. மலை ரயில் என்றால் டப்பாவை மூடியே வையுங்கள். வழி ஸ்டேஷன்களில் குரங்குகள் கையிலிருந்தே பிடுங்கும்.

செய்யக்கூடாதவை

• பிளாட்பாரத்தில் கையை விடாதீர்கள். விரலைப் பிடிக்காமல் மணிக்கட்டைப் பிடியுங்கள். வியர்த்த விரல் வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு கையிலும் பை இருக்கிறதா? ஒன்றைக் கீழே வையுங்கள். பை போனால் வாங்கிக்கொள்ளலாம்.

• ரயில் உள்ளே வரும்போது வீடியோ எடுக்காதீர்கள். போன் திரையில் ரயில் தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். உங்கள் பார்வை திரையில், பிள்ளையின் கால் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம். இதைப் பிளாட்பாரத்தில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். படம் வேண்டும் என்றால் கூட வந்தவர் எடுக்கட்டும். நீங்கள் ஒருவர்தான் என்றால் அன்றைக்குப் படம் வேண்டாம்.

• அவசரத்துக்குக்கூடத் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்காதீர்கள். மின்சார இன்ஜின் அருகில் வரும்வரை பெரிதாகச் சத்தம் போடாது. அத்துமீறித் தண்டவாளத்தில் நடந்தால் 6 மாதம் வரை சிறை அல்லது ₹1,000 வரை அபராதம் என்று ரயில்வே சட்டம் சொல்கிறது. அதைவிட முக்கியம், இன்று உங்கள் தோளில் உட்கார்ந்து கடந்த பிள்ளை நாளை தனியாகக் கடக்கும்.

• தண்டவாளத்தில் காசு, கல் எதையும் வைத்துக் காட்டாதீர்கள். "நாங்கள் சின்ன வயதில் செய்தது" என்று மாமாக்கள் சொல்லிக்கொடுப்பது இது. காசை எடுக்கக் குனியும் குழந்தைக்கு அடுத்த தடத்தில் வருவது தெரியாது.

• ரயில்வே கேட்டில் ஒரு ரயில் போனதும் நகராதீர்கள். எதிர்த்தடத்தில் இன்னொன்று வரலாம். கேட் முழுதாகத் திறக்கும்வரை வண்டியிலேயே, பின்னால் தள்ளியே நில்லுங்கள். குனிந்து நுழையவே வேண்டாம்.

• பளபளக்கும் கேஸ் பலூனைப் பிளாட்பாரத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். உலோகப் பூச்சுள்ள பலூன், நீளமான செல்ஃபி ஸ்டிக் எதுவும் அதன் கிட்டே போகக் கூடாது. மின்சாரம் தாவிப் பாய, தொட வேண்டும் என்பதுகூட இல்லை. நின்றிருக்கும் கூட்ஸ் வண்டிமேல் பிள்ளையை ஏற்றி நிறுத்திப் படம் எடுப்பதும் இதே காரணத்தால் உயிரோடு விளையாடுவது.

• ஓடும் ரயிலில் கதவோரம் நிற்காதீர்கள், இடுப்பில் பிள்ளையோடு கட்டாயம் நிற்காதீர்கள். ஒரு குலுக்கலில் கனமான கதவு சாத்திக்கொள்ளும். கீல் பக்கம் விரல் இருந்தால் நசுங்கிவிடும். இரண்டு பெட்டிகளை இணைக்கும் இடத்தில் தரைத் தகடுகள் நகர்ந்துகொண்டே இருக்கும், அங்கே பிள்ளையை இறக்கி நடக்கவிட வேண்டாம்.

• எமர்ஜென்சி ஜன்னல் பக்கம் குழந்தையை உட்கார வைக்காதீர்கள். அதன் கம்பி திறப்பதற்கென்றே செய்தது.

• அப்பர் பெர்த்தில் படுக்க வைக்காதீர்கள். லோயர் பெர்த்தில் சுவர்ப் பக்கம் பிள்ளை, வெளிப்பக்கம் நீங்கள். கிடைக்காவிட்டால் கேளுங்கள், குழந்தையைப் பார்த்துவிட்டு இடம் மாறித் தருகிறவர்கள் ஏராளம்.

• நடைபாதை ஓரம் உட்கார வைக்காதீர்கள். கொதிக்கும் டீ கேன் உங்கள் பிள்ளையின் தலை உயரத்தில்தான் போகிறது.

• வடை வாங்க, தண்ணீர் பிடிக்க என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டோ ரயிலில் விட்டுவிட்டோ நடு ஸ்டேஷனில் இறங்காதீர்கள். இரண்டு நிமிட நிறுத்தம் சில சமயம் ஒரு நிமிடம்தான். நீங்கள் கீழே, பிள்ளை மேலே என்று ஆகிவிட்டால் ஓடி ஏறப் பார்க்காதீர்கள். உடனே ரயில்வே உதவி எண் 139-க்குப் போன் போட்டு ரயில் நம்பர், பெட்டி, சீட் சொல்லுங்கள். அடுத்த ஸ்டேஷனில் ஆர்பிஎஃப் (ரயில்வே பாதுகாப்புப் படை) பார்த்துக்கொள்ளும். விழுந்து அடிபட்டவரைவிட, நின்று போன் போட்டவரிடம்தான் பிள்ளை சீக்கிரம் வந்து சேரும்.

• "சேட்டை பண்ணினால் போலீஸ் மாமா பிடிச்சிட்டுப் போயிடுவார்", "டிடிஆர் இறக்கி விட்டுடுவார்" என்று மிரட்டாதீர்கள். தொலைந்துபோன குழந்தை தேடி ஓட வேண்டிய ஆள்களே அவர்கள்தான். காக்கி உடையைப் பார்த்து ஒளிந்துகொள்ளும் பிள்ளையைக் கூட்டத்தில் கண்டுபிடிப்பது மிகவும் கஷ்டம். போகும்போதே ஒரு ஆர்பிஎஃப் காவலரைக் காட்டி, "நம்மைக் காணோம்னா இவங்ககிட்ட நில்லு" என்று சொல்லிவையுங்கள்.

• டிக்கெட்டுக்காக வயதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். 5 வயது நிரம்பாத குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட்டே வேண்டாம். 5 முதல் 12 நிரம்பும்வரை, முன்பதிவில் தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். மறைக்க இதில் ஒன்றும் இல்லை.

• பாம்பன் சாலைப் பாலத்தில் வண்டியை ஓரம்கட்டி, கைப்பிடிச் சுவரில் குழந்தையை ஏற்றாதீர்கள். பின்னால் பஸ், முன்னால் கடல், நடுவில் பலத்த காற்று.

• லோகோ பைலட்டிடம் "கொஞ்சம் உள்ளே ஏத்திக் காட்டுங்க" என்று கெஞ்சாதீர்கள். மறுத்தால் பிள்ளை அழும், சம்மதித்தால் அவர் வேலைக்கு ஆபத்து. கை அசைத்தால் போதும். பெரும்பாலும் திருப்பி அசைப்பார்கள், கடைசிப் பெட்டியில் இருக்கும் கார்டும் அசைப்பார்.

• "எப்பப் பார்த்தாலும் ரயிலா" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். அதே ஸ்டேஷன், அதே பெஞ்ச் என்று கேட்டால் அங்கேயே கூட்டிப் போங்கள். உங்களுக்குத்தான் அது பழைய இடம்.

இதைப் படித்து முடித்த கையோடு 139-ஐ உங்கள் போனிலும், பிள்ளையைக் கூட்டிப் போகும் தாத்தா, பாட்டி, சித்தப்பா போனிலும் பதிந்துவிடுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐயும் சேர்த்துப் பதியுங்கள். கூட வருகிற எல்லோரிடமும் இந்த இரண்டு பட்டியலையும் கிளம்புவதற்கு முன்பே ஒருமுறை படித்துக் காட்டுங்கள்.