கான்பூரில் கைவிடப்பட்ட குண்டுவீச்சு விமானங்கள்

ஒரு சைக்கிளை இரண்டு மழைக்காலம் வெட்டவெளியில் நிறுத்தி வைத்தால் என்ன ஆகும்? சங்கிலி துருப்பிடிக்கும், டயர் வெடிப்பு விடும், பிரேக் ரப்பர் கல்லாக இறுகிப்போகும். அப்படியானால் நான்கு எஞ்சின்களும் லட்சக்கணக்கான உறுப்புகளும் கொண்ட ஒரு பெரிய குண்டுவீச்சு விமானத்தை அவ்வாறு விட்டுவிட்டால்? அதுவும், இனி எவரும் பறக்கவிடக்கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனால்? அதை மீண்டும் பறக்க வைக்க முடியுமா?

முடியும் என்று நம் நாட்டுத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் 1948-இல் காட்டினார்கள். அந்த வரலாற்றையும், அதில் அடங்கியுள்ள உலோக அறிவியலையும் இக்கட்டுரையில் காண்போம்.

லிபரேட்டர் என்னும் விமானம்

அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் வடிவமைத்த பி-24 லிபரேட்டர் விமானம் 1939 டிசம்பர் 29 அன்று முதன்முதலாகப் பறந்தது. இதன் இறக்கைகளின் முனைக்கு முனை நீளம் 33.5 மீட்டர், உடலின் நீளம் ஏறத்தாழ 20.5 மீட்டர். எரிபொருளும் குண்டும் ஏற்றாத நிலையிலேயே எடை 16 டன்னுக்கு மேல். நான்கு எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 1,200 குதிரைத்திறன் உடையது.

இரண்டாம் உலகப் போரில் இவ்வகை விமானங்கள் 18,000-க்கும் மேல் செய்யப்பட்டன. வேறு எந்த அமெரிக்கப் போர் விமானமும் இத்தனை எண்ணிக்கையில் தயாரானதில்லை. மிச்சிகன் மாநிலத்தில் ஃபோர்டு நிறுவனம் கட்டிய வில்லோ ரன் தொழிற்சாலையில், 1944-இல் உற்பத்தி உச்சத்தில் இருந்தபோது, ஏறத்தாழ மணிக்கு ஒரு விமானம் வெளிவந்தது!

அமெரிக்கா 1941-இல் இயற்றிய கடன்-குத்தகைச் சட்டத்தின்படி நட்பு நாடுகளுக்கும் இவை வழங்கப்பட்டன. பிரிட்டனின் ராயல் விமானப்படை இவற்றைக் கொண்டு இந்தியத் தளங்களிலிருந்து பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைகளைத் தாக்கியது. இலங்கையின் காங்கேசன்துறை விமானதளத்திலிருந்தும் லிபரேட்டர்கள் இந்துமாக் கடல்மீது பறந்தன.

போர் முடிந்தது; விமானம் பாரமாயிற்று

1945-இல் போர் முடிந்தது. நேற்று வரை விலைமதிப்பற்றதாக இருந்த குண்டுவீச்சு விமானம் ஒரே நாளில் வேண்டாத பொருளாயிற்று. அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்துக் கிங்மன் போன்ற இடங்களில் ஆயிரக்கணக்கான விமானங்களை வரிசையாக நிறுத்தி, வெட்டி, உலையில் உருக்கி, அலுமினியக் கட்டிகளாக வார்த்தார்கள்.

இந்தியாவில் இருந்தவற்றின் கதை வேறு. கடன்-குத்தகை விதிப்படி, பெற்ற விமானங்களைப் போர் முடிந்ததும் திருப்பித் தரவேண்டும். அல்லது பயன்படாதபடி அழித்துவிடவேண்டும். கான்பூருக்கு அருகில் சகேரி தளத்தில் பல லிபரேட்டர்கள் கொண்டுவந்து நிறுத்தப்பட்டன. அவற்றின் கருவிகள் உடைக்கப்பட்டன. எஞ்சின்களுக்குள் மண் கொட்டப்பட்டது. சிலவற்றைக் கனரக வண்டிகளால் இடித்தார்கள் என்றும் குறிப்புகள் கூறுகின்றன. பிறகு அவை வெயிலிலும் மழையிலும் கேட்பாரற்று நின்றன.

1947-இல் இந்தியா விடுதலை பெற்றது. புதிய நாட்டின் விமானப்படையிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. புதிதாக வாங்கப் பணமும் இல்லை. அப்போதுதான் கான்பூர் மைதானத்தின் மீது பார்வை விழுந்தது. பெங்களூரில் 1940-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலை, போர்க்காலத்தில் அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்த்துப் பழகியிருந்தது. அந்த அனுபவம் இப்போது கைகொடுத்தது.

நின்ற இடத்தில் விமானம் ஏன் கெடுகிறது?

இங்கே சற்று நின்று, அந்தப் பொறியாளர்கள் எதை எதிர்த்துப் போராட வேண்டியிருந்தது என்று பார்ப்போம்.

விமான உடல் அலுமினியத்தால் ஆனது. அலுமினியம் துருப்பிடிக்காது என்றுதானே நீங்கள் படித்திருக்கிறீர்கள்? காற்று பட்டவுடன் அதன்மேல் அலுமினிய ஆக்சைடுப் படலம் உண்டாகிறது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அந்த மெல்லிய போர்வையே உள்ளேயிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. சமையலறையில் உள்ள அலுமினியப் பாத்திரம் பல்லாண்டுகள் உழைப்பதற்கு இதுவே காரணம்.

ஆனால் தூய அலுமினியம் மென்மையானது. விமானத்தின் சுமையைத் தாங்காது. 1906-இல் ஜெர்மன் அறிஞர் ஆல்ஃபிரெட் வில்ம், அலுமினியத்துடன் சிறிதளவு செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கி, நீரில் முக்கிக் குளிர்வித்தார். சில நாள் கழித்துச் சோதித்தபோது, அந்த உலோகம் முன்னைவிடக் கடினமாகியிருந்தது! சும்மா இருக்கும்போதே வலுப்பெறும் இக்கலவைக்கு டியூராலுமின் என்று பெயர் வந்தது. போர்க்கால விமானத் தகடுகளில் ஏறத்தாழ நூற்றுக்கு நான்கு பங்கு செம்பு இருந்தது. தூய அலுமினியத்தைவிட அது பல மடங்கு வலிமையானது; எடையோ இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான்.

வலிமை தந்த செம்பே பகையாகவும் ஆகிறது. கலவையில் செம்பு மிகுந்த இடங்களும் செம்பு குறைந்த இடங்களும் அருகருகே உள்ளன. மழைநீர் தங்கினால் இவ்விரண்டும் சேர்ந்து ஒரு நுண்ணிய மின்கலமாக மாறிவிடுகின்றன. மின்கலத்தில் துத்தநாகம் கரைவது போல, இங்கே அலுமினியம் கரைகிறது. இதைத் தடுக்கத் தகட்டின் இரு பக்கமும் தூய அலுமினியத்தை மெல்லிய பூச்சாகச் சேர்த்து உருட்டுவார்கள். எனினும் தகட்டை வெட்டிய விளிம்பிலும், ஆணிக்குத் துளையிட்ட இடத்திலும் அந்தப் பாதுகாப்பு இல்லை. எஃகுத் திருகாணி அலுமினியத்தைத் தொடும் இடங்களிலும் இதே மின்கலம்தான்.

அரிமானத்தால் உண்டாகும் வெண்பொடி, கரைந்த உலோகத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்கிறது. எனவே ஒட்டியிருக்கும் தகடுகள் புடைக்கின்றன. சில இடங்களில் ரிவெட் ஆணியின் தலையே தெறித்துவிடும். மேலே வண்ணப்பூச்சு நன்றாகத் தோன்றும். உள்ளே உலோகம் மாவாகியிருக்கும். ஆகவே பழைய விமானத்தில் கண்ணால் பார்ப்பது மட்டும் போதாது. தட்டியும், சுரண்டியும், ஐயம் வந்தால் தகட்டைக் கழற்றியும் பார்க்கவேண்டும்.

உலோகம் மட்டுமா? லிபரேட்டரின் சுக்கான்கள் போன்ற அசையும் பகுதிகள் துணியால் போர்த்தப்பட்டவை. துணி வெயிலில் இற்றுப்போகும். எண்ணெய்க் குழாய்களின் ரப்பர் வெடிக்கும். தொட்டியில் எஞ்சிய பெட்ரோல் பிசினாக மாறி நுண்துளைகளை அடைக்கும்.

எஞ்சினுக்குள் ஓர் ஆபத்து

லிபரேட்டரின் எஞ்சினில் பதினான்கு உருளைகள் வட்டமாக, ஏழு ஏழாக இரு வரிசையில் அமைந்துள்ளன. எனவே சில உருளைகள் தலைகீழாகத் தொங்குகின்றன. எஞ்சின் நின்றிருக்கும்போது எண்ணெய் மெல்லக் கசிந்து இந்தக் கீழ் உருளைகளில் தேங்குகிறது.

இந்நிலையில் எஞ்சினைத் திடீரென்று இயக்கினால் என்ன நேரும்? சைக்கிள் பம்பின் வாயை அடைத்துக்கொண்டு அழுத்திப் பாருங்கள். காற்று சுருங்கிக் கொடுக்கும். பம்பில் நீரை நிரப்பி அழுத்தினால் கைப்பிடி அசையாது. திரவங்கள் அழுத்தத்தால் சுருங்குவதில்லை அல்லவா? அவ்வாறே மேலேறும் பிஸ்டன் எண்ணெயில் முட்டி நிற்க, அதனுடன் இணைந்த எஃகுத் தண்டு வளைந்துவிடும். இதனால்தான், நின்றிருந்த எஞ்சினை இயக்குமுன் ஆட்கள் சுழல்விசிறியைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பார்ப்பது வழக்கம். சுற்றல் தடைப்பட்டால் கீழ் உருளையின் தீப்பொறிச் செருகியைக் கழற்றி எண்ணெயை வடிப்பார்கள். மண் கொட்டப்பட்ட எஞ்சின் என்றால் முழுவதும் பிரித்துக் கழுவுவதைத் தவிர வேறு வழியில்லை.

கான்பூரிலிருந்து பெங்களூருக்கு

பெங்களூர்த் தொழிற்சாலைக் குழுவினர் கான்பூர் சென்று, ஒவ்வொரு விமானமாகச் சோதித்தார்கள். ஒன்றில் இறக்கை நன்றாக இருக்கும். மற்றொன்றில் எஞ்சின் நன்றாக இருக்கும். பல விமானங்களின் நல்ல உறுப்புகளைச் சேர்த்து ஒன்றை உருவாக்கினார்கள். கான்பூர் கடலிலிருந்து வெகுதொலைவில் இருப்பது அவர்களுக்குத் துணையாயிற்று. உப்புக்காற்று படும் கடற்கரையில் நின்றிருந்தால் தகடுகளின் கதி இன்னும் மோசமாக இருந்திருக்கும்.

ஆனால் முழுச் செப்பனிடும் வசதி கான்பூரில் இல்லை. பறக்க முடிந்த அளவுக்கு மட்டும் அங்கே சரிசெய்து, ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்குப் பறந்து செல்லவேண்டும். இப்பொறுப்பை ஏற்றவர் தொழிற்சாலையின் தலைமைச் சோதனை விமானி ஜிம்மி முன்ஷி. பல கருவிகள் இல்லாத விமானங்களை ஒன்றன்பின் ஒன்றாக அவர் ஓட்டிச் சென்றார். பெங்களூரில் அவை பிரிக்கப்பட்டு, கெட்ட தகடுகள் மாற்றப்பட்டு, மீண்டும் பூட்டப்பட்டன. இவ்வாறு சுமார் நாற்பது விமானங்கள் உயிர்பெற்றன.

1948 நவம்பரில் இவற்றைக் கொண்டு இந்திய விமானப்படையின் ஐந்தாம் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. பின்னர் ஆறாம் படைப்பிரிவு இவற்றைக் கடற்கண்காணிப்புக்குப் பயன்படுத்தியது. குப்பை என்று ஒதுக்கப்பட்ட விமானங்கள் 1968 இறுதி வரை, இருபது ஆண்டுகள் நாட்டுக்கு உழைத்தன! உலகில் லிபரேட்டரைப் படைப்பணியில் கடைசியாகக் கைவிட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

உருக்கியவர்கள் தேடி வந்தார்கள்

இதற்குள் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் லிபரேட்டர் அரும்பொருளாகிவிட்டது. 18,000-க்கும் மேல் செய்தவற்றில் முழுமையாக எஞ்சியவை ஏறத்தாழ ஒரு டஜன்தான். அருங்காட்சியகங்கள் இந்தியாவை நாடின. 1968-இல் ஒன்று கனடாவுக்கும், 1969-இல் ஒன்று அரிசோனாவின் பீமா அருங்காட்சியகத்துக்கும், 1974-இல் ஒன்று பிரிட்டனின் ராயல் விமானப்படை அருங்காட்சியகத்துக்கும் சென்றன. இம்மூன்றும் கப்பலில் போகவில்லை. தாமே பறந்து சென்றன. டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்திலும் ஒன்று உள்ளது. உலகில் எஞ்சியுள்ள லிபரேட்டர்களில் ஏறத்தாழ பாதி இந்தியா காப்பாற்றியவை.

இந்தியாவிலிருந்து சென்ற இன்னொன்று அமெரிக்காவின் காலிங்ஸ் அறக்கட்டளையின் கைக்கு 1984-இல் வந்தது. முழுதும் பிரித்துச் செப்பனிடப்பட்டு, 1989-இல் மீண்டும் பறந்தது. பெரும்பாலான ரிவெட் ஆணிகளையே மாற்றவேண்டியிருந்தது என்றால் அவ்வேலையின் அளவை எண்ணிப்பாருங்கள்.

இங்கே ஒரு சுவையான செய்தி. டியூராலுமின் நிற்கும்போதே கடினமாகும் என்று பார்த்தோம். அந்தக் கலவையால் செய்த ரிவெட் ஆணியைச் சூடாக்கிக் குளிர்வித்த பின் வெளியில் வைத்தால், சிறிது நேரத்தில் அடிக்க முடியாதபடி இறுகிவிடும். எனவே ஐஸ் பெட்டியில் வைத்துக் கடினமாவதைத் தாமதப்படுத்தி, எடுத்த சில நிமிடங்களுக்குள் அடித்து முடிப்பார்கள். வில்ம் கண்ட உண்மை பட்டறையில் இப்படிப் பயன்படுகிறது!

பறக்கவிடுவதா, பாதுகாப்பதா?

பழைய விமானத்தை மீட்போர் முன் ஒரு கேள்வி எப்போதும் நிற்கிறது. பறக்கவேண்டுமானால் ஐயத்துக்குரிய ஒவ்வோர் உறுப்பையும் மாற்றியாகவேண்டும். மாற்ற மாற்ற அசல் பொருள் குறைந்துகொண்டே போகும். வான்விபத்தில் ஒரே நொடியில் அனைத்தையும் இழக்கவும் நேரலாம். பறக்காமல் கூடத்தில் வைத்தால் அன்றைய தகடும் அன்றைய ஆணியும் அப்படியே இருக்கும். ஆனால் அந்த நான்கு எஞ்சின்களின் முழக்கத்தை அடுத்த தலைமுறை கேட்காது. இரண்டுக்கும் நியாயம் உண்டு. எஞ்சியிருப்பவை மிகச் சில என்பதால் எந்த முடிவையும் எளிதில் எடுக்க முடியாது.

கான்பூரில் நின்றவர்களுக்கு அருங்காட்சியகம் பற்றிய எண்ணமே இருந்திருக்காது. நாட்டுக்கு விமானம் தேவை, கையிலிருந்தவை இவைதாம். கெட்டதையும் நல்லதையும் பொறுமையாகப் பிரித்தறிந்தார்கள். அந்தப் பொறுமையால்தான் உலகின் பல அருங்காட்சியகங்களில் இன்று லிபரேட்டரை நேரில் காணமுடிகிறது.

செய்து பாருங்கள்

இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் நீர் ஊற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு தேக்கரண்டி உப்பைக் கரையுங்கள். சமமான இரண்டு அலுமினியத்தாள் துண்டுகளை எடுத்து, ஒன்றின்மேல் மட்டும் மேலுறை நீக்கிய செம்புக் கம்பியை இறுக்கமாகச் சுற்றுங்கள். இரண்டையும் தனித்தனித் தம்ளரில் போட்டு ஒரு வாரம் வைத்து, நாள்தோறும் கவனியுங்கள். எந்தத் தாளில் முதலில் வெண்பொடியும் துளைகளும் தோன்றுகின்றன? தாளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்.

சிந்தியுங்கள்

1. தகட்டின் நடுப்பகுதியைவிட ஆணித்துளைகளின் ஓரத்தில் அரிமானம் முதலில் தொடங்குவது ஏன்?
2. எஞ்சினின் மேல் உருளைகளில் எண்ணெய் தேங்காதது ஏன்?
3. உங்கள் வீட்டில் இரும்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொடும் இடங்கள் எவை? அவற்றை எப்படிக் காப்பீர்கள்?