துடைப்பம்: சொல்லும் உருபும்

நுழையும்முன்

வீட்டில் நாள்தோறும் கையாளும் கருவியின் பெயரை எவரும் நின்று எண்ணிப் பார்ப்பதில்லை. அப்பெயர் எவ்வாறு பிறந்தது, வேற்றுமை உருபை எவ்வாறு ஏற்கிறது என ஆராய்ந்தால், மக்கள் பேச்சில் இலக்கணம் வாழும் முறை புலப்படும்.

செஞ்சிக் கோட்டையை நாயக்கர், மராத்தியர், முகலாயர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் எனப் பலர் ஆண்டனர். 2025ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம்பெற்ற இக்கோட்டையில் நெற்களஞ்சியமும் உண்டு. நெல் குவிந்த இடத்தில் அதனைக் கூட்டி அள்ளிய கைகளும் இருந்திருக்கும். போர்களைப் பேசும் வரலாறு அக்கைகளைப் பேசுவதில்லை; அவர்தம் தொழிலை மொழி காத்து வைத்துள்ளது.

சொற்பிறப்பு

'துடை' என்னும் வினையடியாகப் பிறந்த பெயர் துடைப்பம். விளக்குமாறு என்பது இரு சொற்கள் இணைந்தது. விளக்குதல் என்பதற்குத் தூய்மை செய்தல் என்பது பொருள்; பல் விளக்குதல், பாத்திரம் விளக்குதல் என இன்றும் வழங்குகிறோம். மாறு என்பது செடியின் குச்சி. பருத்திமாறு, துவரைமாறு என்பன உழவர் வழக்கு. தென்மாவட்டங்களில் வழங்கும் வாரியல், 'வாரு' என்னும் வினையடியாகப் பிறந்தது. ஈழத்தில் வழங்கும் தும்புத்தடி, தென்னந்தும்பாகிய மூலப்பொருளால் பெயர் பெற்றது.

உருபேற்கும் முறை

ஒரே கருவியைக் குறிக்கும் மூன்று பெயர்கள் மூவகையாக உருபேற்கின்றன.

இரண்டாம் வேற்றுமை: துடைப்பத்தை – விளக்குமாற்றை – வாரியலை
மூன்றாம் வேற்றுமை: துடைப்பத்தால் – விளக்குமாற்றால் – வாரியலால்
நான்காம் வேற்றுமை: துடைப்பத்துக்கு – விளக்குமாற்றுக்கு – வாரியலுக்கு

துடைப்பம் என்பதன் ஈற்று மகரம் கெட்டு அத்துச் சாரியை தோன்றியது. 'மாறு' நெடில்தொடர்க் குற்றியலுகரம் ஆதலின் றகர ஒற்று இரட்டித்தது. வாரியல் மாற்றமின்றி உருபேற்றது.

"பாடலின் பொருளை விளக்குமாறு ஆசிரியர் கேட்டார்" என்னும் தொடரில் உள்ள சொல் வேறு. அது விளக்கும் + ஆறு எனப் பிரியும். ஆறு என்பது வழி. இங்கு அச்சொல் உருபேற்பதில்லை. எழுத்தால் ஒன்றான இரு சொற்களை உருபு பிரித்துக் காட்டுகிறது.

பேச்சும் விதியும்

செஞ்சி உள்ளிட்ட வடமாவட்டப் பேச்சில் துடைப்பம் 'தொடப்பம்' ஆகும். பிற இடங்களில் விளக்குமாறு 'வெளக்கமாறு' ஆகும். இவற்றைத் திரிந்த பேச்சு என்று இகழ்வோர் உளர். ஆயினும், சொல்லின் முதலில் வரும் இகரமும் உகரமும், அடுத்து அகரமோ ஐகாரமோ வரின், பேச்சில் எகரமும் ஒகரமும் ஆவது ஓர் ஒழுங்கு. இலை 'எலை' ஆவதும் உலக்கை 'ஒலக்கை' ஆவதும் இவ்வொழுங்கினாலேயே.

"வெளக்கமாத்துக்குப் பட்டுக்குஞ்சமா" என்னும் பழமொழியைக் காண்க. 'மாற்றுக்கு' என்பது 'மாத்துக்கு' என ஒலித்தாலும் ஒற்று இரட்டுதல் மாறவில்லை. பள்ளி செல்லாதவரும் இவ்விதியைப் பிழையின்றிப் பின்பற்றுகின்றனர். விதி அவர்தம் நாவில் உள்ளது. இலக்கண நூல் அதனைக் கண்டு எழுதியது.

தெரியுமா?

பதினைந்து வேற்றுமைகள் கொண்ட ஃபின்னிய மொழியில் துடைப்பம் 'லூத்தா' எனப்படும். இது லித்துவேனிய மொழியின் 'ஷ்லுவோத்தா' என்பதற்கு உறவான பால்டிக் மொழிச் சொல்லைக் கடன் பெற்றதால் அமைந்தது. 'துடைப்பத்தால்' எனக் கூற 'லூதல்லா' என்பர். தமிழில் ஒற்று இரட்டித்து வலிக்கிறது. அங்கு வல்லொலி மென்மையாகிறது.

கற்பவை கற்றபின்

1. உம் ஊரில் வழங்கும் வீட்டுக் கருவிப் பெயர்கள் ஐந்தைத் தொகுத்து, அவற்றின் வினையடி அல்லது மூலப்பொருளைக் குறிப்பிடுக.
2. முறம், சோறு, உரல் ஆகியவற்றை இரண்டாம் வேற்றுமை உருபுடன் எழுதி, நிகழும் மாற்றத்தை விளக்குக.
3. வீட்டுப் பெரியோரின் பேச்சில் நான்காம் வேற்றுமை ஏற்ற சொற்களைக் கேட்டு எழுதி, எழுத்து வழக்குடன் ஒப்பிடுக.