பானைக்குள் மணல்: ஒரு பாம்பும் உராய்வுப் பாடமும்

சென்ற வடகிழக்குப் பருவமழையின்போது எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர்ப் பாம்பு ஒன்றை வகுப்பறைக்கே கொண்டுவந்துவிட்டான். முடிச்சூரில் வீட்டு வாசலில் பிடித்ததாம். மூடியில் துளைகள் இட்டு, அடியில் தச்சுப்பட்டறை மரத்தூளைப் பரப்பியிருந்தான். "பாம்புக்கு மெத்தை, டீச்சர்!"

தண்ணீர்ப் பாம்பு நஞ்சற்றதுதான். ஆனால் கட்டுவிரியனைப் போலவே தோன்றும் நஞ்சற்ற பாம்பும் உண்டு, பெரியவர்களே ஏமாறுவார்கள். மூடியைத் திறக்காமல் வனத்துறைக்குத் தகவல் சொன்னோம். நம் நாட்டுப் பாம்புகளைப் பிடித்து வளர்ப்பது வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன்படி குற்றம் என்றதும் அவன் முகம் வாடிவிட்டது. திட்டுவதைவிட அவனது 'மெத்தை'யையே பாடமாக்கலாம் என்று தோன்றியது.

பாம்பு வயிற்றுச் செதில்களைத் தரையில் ஊன்றித் தள்ளியே நகர்கிறது. வழவழப்பான கண்ணாடியில் பிடிமானம் இல்லை, நெளிந்தாலும் நகராது. மரத்தூளோ மூக்கிலும் வாயிலும் ஏறும். ஈரத்தை உறிஞ்சுவதால் சட்டை உரிவதும் கெடும். தேவதாரு போன்ற வாசனை மரங்களின் எண்ணெய் அதன் நுரையீரலுக்குத் தீங்கு.

சரியான படுக்கை எது என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று உண்டு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில், 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில், நஞ்சு எடுப்பதற்காகப் பிடித்த பாம்புகளை மண்பானையில் வைக்கிறார்கள். உள்ளே ஓரளவு மணல். பானை வாயில் காற்றுப் புகும் பருத்தித் துணி. சுமார் மூன்று வாரத்தில் நான்கு முறை நஞ்சு எடுத்துவிட்டு, பாம்பைக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். மாற்று மருந்தின் மூலப்பொருள் அந்த நஞ்சுதான். கிண்டிப் பாம்புப் பண்ணை 1972-இல் அங்கே வருமுன் சேலையூரில் இருந்தது என்றபோது, தாம்பரம் பிள்ளைகளுக்குத் தாளாத பெருமை!

வகுப்பில் பாம்பு தேவையில்லை. ஒரு மரக்கட்டையைச் சுருள்வில் தராசில் மாட்டிக் கண்ணாடி, மணல், உப்புத்தாள் மீது இழுக்கச் செய்தேன். பிறகு மணல், களிமண், மரத்தூள் ஆகியவற்றைச் சமஅளவு எடுத்து 50 மி.லி. நீர் ஊற்றி, நான்கு நாள் கவனித்தோம். மணலில் நீர் அடியில் இறங்கி மேற்பரப்பு சீக்கிரம் உலர்ந்தது. களிமண் வெடித்தது. மரத்தூளில் பூஞ்சை நாற்றம்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு முதலில் அதைக் குறித்தவன், பாட்டில் கொண்டுவந்தவனேதான். பானைக்குத் துணிக்குப் பதில் பிளாஸ்டிக் உறை கட்டினால் என்ன ஆகும் என்று அடுத்து கேட்டிருக்கிறான். இந்த வாரம் இரண்டு பானைகளிலும் ஈரமணல் இட்டு வைத்திருக்கிறோம்.