ஒலிம்பிக் தங்கத்தை விட்ட கோபாலன்

கேள்வி: என் தாத்தா பர்மா ஷெல் கம்பெனியில் வேலை பார்த்தவர். ஒலிம்பிக்கை விட்டுவிட்டு கிரிக்கெட் ஆடப் போன ஒருவர் அங்கே இருந்தார் என்பார். உண்மையா?
– ஒரு வாசகர், ராயபுரம்

பதில்: உண்மைதான். அவர் எம்.ஜே.கோபாலன். செங்கல்பட்டுப் பக்கம் மொறப்பாக்கம் கிராமத்தில் 1909-ல் பிறந்து, திருவல்லிக்கேணியில் வளர்ந்தவர். அவருடைய வேகப்பந்து வீச்சைக் கண்டெடுத்த ஆங்கிலேய கிரிக்கெட் வீரர் சி.பி.ஜான்ஸ்டன்தான் பர்மா ஷெல்லில் வேலையும் வாங்கித் தந்தார்.

1934 ஜனவரியில் கல்கத்தாவில் ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணிக்கு எதிராக ஒரு டெஸ்ட் ஆடினார். அதுவே முதலும் கடைசியும். அதே ஆண்டு நவம்பர் 4, சேப்பாக்கம்: ரஞ்சிக் கோப்பை வரலாற்றின் முதல் பந்தை வீசியது அவர் கை. மெட்ராஸிடம் மைசூர் 48, 59 என்று சுருண்டது. மெட்ராஸின் ராம்சிங் மட்டும் 11 விக்கெட். ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது!

1935-ல் தியான்சந்த் தலைமையில் நியூசிலாந்து சென்ற ஹாக்கி அணியிலும் இருந்தார். மறு ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கா, இங்கிலாந்து கிரிக்கெட் பயணமா என்ற நிலை வந்தது. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஒரு டெஸ்டில்கூட அவரை இறக்கவில்லை. பெர்லினில் நம் ஹாக்கி அணி ஜெர்மனியை 8-1 என வென்று தங்கம் வாங்கியது. இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

சென்னை அவரை மறக்கவில்லை. 1950-களில் தொடங்கி மெட்ராஸும் இலங்கையும் மோதிய கோப்பைக்கு அவர் பெயர்தான். 2003-ல், 94 வயதில் காலமானார்.