கந்தகத்தைப் பிடிக்கும் கல்

நுழையும்முன்

நெருப்பை நாம் வெப்பத்துக்காக மூட்டுகிறோம்; புகை கேளாமலே வந்து சேர்கிறது. வந்த புகையைத் தூய்மை செய்வது ஒரு வழி. புகையிலுள்ள நஞ்சை உலைக்குள்ளேயே மடக்கிப் பிடிப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழியை இவ்வுரைநடை விளக்குகிறது.

செஞ்சிக்கு அருகிலுள்ள மேல்சித்தாமூரின் சமணக் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்த்திருக்கிறீர்களா? அத்தகைய கோபுரங்களின் சுதை வேலைப்பாடு சுண்ணாம்பால் ஆனது. சுண்ணாம்புக்கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டு, நீரில் நீற்றி, அரைத்துப் பூசுவர். பூசிய சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று மீண்டும் கல்லாக இறுகுகிறது.

அந்தச் சுதைக்குப் பகை கந்தக டைஆக்சைடு. ஈரக்காற்றில் இவ்வாயு படுமாயின் சுண்ணாம்பின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறிப் பொருக்குவிட்டு உதிரும். பளிங்கும் வேதியியல் முறையில் சுண்ணாம்புக்கல்லே. எனவேதான் தாஜ்மகாலைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகள் நிலக்கரியை எரிக்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 1996இல் ஆணையிட்டது. மனிதரின் மூச்சுக்குழலுக்கு இவ்வாயு செய்யும் கேடோ கல்லுக்குச் செய்வதினும் கொடிது.

சுவரில் அழிவாகும் இவ்வினையே உலைக்குள் நிகழ்ந்தால் காவலாகிறது. இதற்குச் சான்று தொலைவில் இல்லை. செஞ்சியும் நெய்வேலியும் ஒருகாலத்தில் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர்கள். நெய்வேலியின் பழைய அனல்மின் நிலையங்களில் பழுப்பு நிலக்கரி பொடியாக்கப்பட்டு எரிக்கப்பட்டது. 2015இல் இயங்கத் தொடங்கிய இரண்டாம் அனல்மின் நிலைய விரிவாக்கத்தின் 250 மெகாவாட் அலகுகள் இரண்டும் வேறு வகையின. அவற்றின் கொதிகலன்களை அமைத்தது பாரத மிகுமின் நிறுவனம். அடியிலிருந்து விசையுடன் எழும் காற்றில் கரித்துகளும் மணலும் சாம்பலும் மிதந்து, கொதிக்கும் நீர்மம்போலப் புரள்கின்றன. மேலே பறந்து செல்லும் துகள்கள் பிரிக்கப்பட்டு மீண்டும் உலைக்கே திரும்புகின்றன. இதனைச் சுழல் பாய்மப் படுகை எரிப்பு என்பர். இவ்வுலையில் சுண்ணாம்புக்கல் துகளையும் சேர்க்கலாம்.

உலைக்குள் புகுந்த கல் முதலில் கரியமில வாயுவை இழந்து சுட்ட சுண்ணாம்பாகிறது. உலையே காளவாயாகிவிடுகிறது எனலாம். பின்னர் அது கந்தக டைஆக்சைடையும் ஆக்சிஜனையும் ஏற்றுக் கால்சியம் சல்பேட்டாக மாறிச் சாம்பலோடு வெளியேறுகிறது. இவ்வினைக்கு உகந்த வெப்பநிலை ஏறத்தாழ 850 பாகை செல்சியஸ். பொடிக்கரி உலையில் 1,300 பாகைக்கு மேலும் வெப்பம் ஏறுவதால், பிடிபட்ட கந்தகம் மீண்டும் விடுபட்டுவிடும். அங்குக் கல்லைக் கொட்டுவதால் பெரும்பயன் இல்லை; புகையையே சுண்ணாம்புக்கல் குழம்பால் கழுவ வேண்டும்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு டன் கரியில் நூற்றுக்கு ஒரு பங்கு, அதாவது 10 கிலோ கந்தகம் உள்ளதாகக் கொள்க. அது எரிந்தால் 20 கிலோ கந்தக டைஆக்சைடு பிறக்கும். அதனைப் பிடிக்க ஏட்டுக் கணக்கின்படி 31 கிலோ சுண்ணாம்புக்கல் போதும். நடைமுறையிலோ ஏறத்தாழ இருமடங்கு தேவைப்படுகிறது. ஏன்?

காரணம் கல்லுக்குள்ளேயே இருக்கிறது. சுட்ட சுண்ணாம்பு நுண்துளைகள் நிறைந்தது. அத்துளைகளின் வழியே வாயு உட்புக வேண்டும். ஆனால், உருவாகும் சல்பேட்டு, தான் தோன்றிய சுட்ட சுண்ணாம்பைப்போல ஏறத்தாழ இரண்டே முக்கால் மடங்கு இடத்தை அடைத்துக்கொள்கிறது. துளைவாய் தூர்ந்து போகிறது. துகளின் நடுவிலுள்ள சுண்ணாம்பு வேலையின்றிக் கிடக்கிறது. மதகு தூர்ந்த ஏரியில் நீரிருந்தும் வயலுக்குப் பாயாத நிலையை நம் வட்டாரத்து மாணவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

டோலமைட்டு கால்சியமும் மக்னீசியமும் கலந்த கல். இவ்வெப்பத்தில் மக்னீசியம் ஆக்சைடு கந்தகத்தைப் பெரும்பாலும் தீண்டுவதில்லை. எனினும் அது வீணன்று. இடையிடையே நின்று, துளைகள் முற்றும் அடைபடாமல் காக்கிறது. அதனால் டோலமைட்டிலுள்ள கால்சியத்தின் பெரும்பங்கு பயன்படுகிறது. அழுத்தம் மிகுந்த பாய்மப் படுகைகளில் சுண்ணாம்புக்கல் எளிதில் சுடுபடாது. அங்கு டோலமைட்டே ஏற்றது. ஆனால் எடை கூடும்: முற்கூறிய 10 கிலோ கந்தகத்துக்கு ஏட்டுக் கணக்கிலேயே 57 கிலோவுக்கு மேல் வேண்டும்.

இம்முறைக்கும் விலையுண்டு. சுண்ணாம்புக்கல்லை இருமடங்கு இட்டால் ஒரு டன் கரிக்கு 27 கிலோவுக்கு மேல் கரியமில வாயு கூடுதலாக வெளியேறும். கரியே வெளியிடுவதோடு ஒப்பிட இது சிறிது, எனினும் மறைக்கத்தக்கதன்று. சாம்பலும் பெருகும். அதில் எஞ்சிய சுட்ட சுண்ணாம்பு நீர்பட்டால் சூடேறிப் பருக்கும் என்பதால், கட்டுமானத்துக்குப் பயன்படுத்துவோர் முதலில் அதனை நீற்றிக்கொள்ள வேண்டும். கொத்தனார் சாந்து குழைக்குமுன் செய்யும் அதே வேலை.