பனி, தீ, மழை: நம்ம ஊர் விழாக்களுக்குத் தேதி குறிப்பது யார்?



'வரப்போகும் நிகழ்ச்சிகள்' பகுதியை இந்த மாதம் என்னை எழுதச் சொன்னாங்க. விழா, இடம், மாதம் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பிவிடலாம். ஆனால் ஊட்டி மாதிரி மலை ஊரில் விழாவுக்குத் தேதி வைப்பது பெரியவர்கள் கூட்டம் மட்டும் இல்லை. உறைபனி, காட்டுத் தீ, மழை, இந்த மூணு பேரும் சம்மதிக்கணும். அதனால் புவியியல் பாடம் மாதிரி எழுதியிருக்கிறேன். தூங்கிவிடாதீர்கள்!

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. 2019 ஆகஸ்ட் மாதம் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் கொட்டியது. சமவெளியில் பல ஊர்களுக்கு ஒரு வருஷ மழையே அவ்வளவுதான்! அது முடிந்ததும் அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. இது குன்னூர், கோத்தகிரி பக்கத்தை அதிகம் தாக்கும். 2009 நவம்பர் மண்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள். அப்புறம் பிப்ரவரி வரை உறைபனி. பனியில் கருகிய புல் காய்ந்து, மார்ச்சில் தீப்பிடிக்கும் காலம். மீதி என்ன இருக்கிறது? ஏப்ரல், மே. செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் 'இரண்டாவது சீசன்' என்று கொஞ்ச நாள். அதனால்தான் எல்லாக் கண்காட்சியும் மே மாதத்தில் முண்டியடித்துக்கொண்டு வருகிறது.

இப்போது பனிக்காலத்துக்கு வருவோம். சீசன் நோட்டீஸில் இந்த மாதங்களுக்கு ஒன்றும் இருக்காது. ஆனால் மலையின் பழைய குடிகளுக்கு இதுதான் திருவிழாக் காலம். படகர்களின் ஹெத்தை அம்மன் பண்டிகை டிசம்பர், ஜனவரியில் வரும். கோத்தகிரி பக்கம் பேரகணிக்கு வெள்ளை உடை உடுத்தி, வெறுங்காலில் நடந்து போவாங்க. தோடர்கள் முத்தநாடு மந்தில் மொற்பர்த் கொண்டாடுவார்கள். கூம்பு வடிவக் கோயில் முன் ஆண்கள் சேர்ந்து ஆடுவதும், இளைஞர்கள் உருண்டைக் கல்லைத் தூக்குவதும் அங்கேதான். கோத்தர்கள் தங்கள் கொக்கால்களில் அய்யனோர் அம்மனோர் விழாவைத் தங்கள் குழலும் பறையும் முழங்க நடத்துகிறார்கள். இவை எல்லாம் வழிபாடு. டிக்கெட் வாங்கிப் பார்க்கும் காட்சி இல்லை. நம் வகுப்புத் தோழர் யாராவது கூப்பிட்டால் விருந்தாளியாகப் போங்க; செல்போனைப் பையில் வைத்துவிட்டுப் போங்க.

மலையேற ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். வனத்துறை 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுவதும் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. நம் மாவட்டத்தில் ஊட்டி கெய்ர்ன்ஹில், கோத்தகிரி லாங்வுட் சோலை ஆகியவை அதில் உண்டு. 2025-இல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை மூடிவிட்டார்கள். சுற்றுச்சூழல் மன்றத்தில் 'முழுப்பரீட்சை முடிஞ்சதும் போகலாம்' என்று பேசிக்கொண்டிருக்கிறீர்களே, இதைக் கொஞ்சம் யோசியுங்கள். லாங்வுட் சோலைக்கு 2024 ஜனவரியில் ராம்சார் பட்டியலில் இடம் கிடைத்தது. இந்த மாதக் கடைசியில் போனால் அட்டைப்பூச்சித் தொல்லையும் குறைவு.

ஏப்ரலில் நம் கடைவீதி மாரியம்மன் தேர். ஒரு மாதத்துக்கும் மேலாக ஒவ்வொரு சமூகத்தாரும் ஒவ்வொரு நாள் உபயம் செய்வார்கள். தேர் மீது உப்பு வீசி வேண்டிக்கொள்வது நம்ம ஊர் வழக்கம். மறுநாள் காலை ரோடு முழுக்க உப்பு நெறுநெறுன்னு கிடக்கும்!

அப்புறம் மே. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறி, கூடலூரில் வாசனைப் பொருள், இங்கே ரோஜா, தாவரவியல் பூங்காவில் மலர், குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழம். எங்க அப்பா வேன் ஓட்டுகிறார். மே மாதம் அவர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருவதே இல்லை. 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் உயர்நீதிமன்றம் ஊட்டிக்கு வார நாளில் 6,000, சனி ஞாயிறுகளில் 8,000 வண்டி என்று எண்ணிக்கையே குறித்துவிட்டது. உள்ளூர் வண்டிக்கும் அரசு பஸ்ஸுக்கும் பாஸ் வேண்டாம். சேரிங்கிராஸில் மூணு மணி நேரம் நிற்காமல் போக முடியுதேன்னு அப்பாவுக்குப் பாதி சந்தோஷம். சவாரி குறையுமோன்னு பாதி பயம். எனக்கு அது சரி என்றுதான் படுகிறது. தண்ணீருக்கும் குப்பைக்கும் மலையில் இடம் கொஞ்சம்தானே?

இனி மலர்க்காட்சி. பூங்கா 1848-இல் மெக்ஐவர் என்பவர் பொறுப்பில் உருவானது. பரப்பு சுமார் 55 ஏக்கர். முதல் மலர்க்காட்சி 1896-இல் நடந்தது. 2020, 2021 இரண்டு வருஷமும் கொரோனாவால் இல்லை. 2023-இல் 125-ஆவது காட்சி ஐந்து நாள் நடந்தது. 2025-இல் 127-ஆவது காட்சி மே 15 முதல் 25 வரை, பதினொரு நாள்! பார்க்கிறவர்களுக்கு அது நல்லது. ஆனால் மலர் மாடத்தில் வைத்த தொட்டி ஐந்து நாள் பூத்தால் போதாது, பதினொரு நாளும் பூத்து நிற்கணும் என்பதை யாராவது நினைக்கிறோமா?

மே மாதப் பூவுக்கு வேலை பனியிலேயே தொடங்குகிறது. சால்வியா, டெல்பினியம் மாதிரி மெதுவாக வளர்பவற்றை முதலில் நடுவார்கள். செண்டுமல்லி போல சீக்கிரம் பூப்பவை பின்னால். உறைபனி எப்படிச் செடியைக் கொல்கிறது? இலைக்குள் இருக்கும் நீர் பனிக்கட்டியாகி, செல் சேதமாகிவிடும். வெயில் ஏறியதும் இலை வெந்த கீரை மாதிரி கறுத்துத் தொங்கும். அதனால் பூங்காவில் சாயங்காலமே நாற்றுகளைக் கோத்தகிரி மிலார் என்கிற செடியின் கொப்புகளால் மூடுகிறார்கள். தரையின் சூடு இரவில் வானத்துக்குப் போய்விடாமல் அது பிடித்துவைக்கும். விடிந்ததும் வெயிலுக்கு முன்னால் தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைப்பார்கள். நம் கை விரல் மரத்துப்போகும் குளிரில் இதைச் செய்கிறவர்கள் பூங்காத் தொழிலாளர்கள். காட்சி நாளில் மேடையில் அவர்களைப் பார்க்க முடியாது.

மலர்க்காட்சியை ஒட்டித் தோட்டப் போட்டியும் நடத்துவது வழக்கம். வீட்டுத் தோட்டம், நிறுவனத் தோட்டம் எல்லாம் சேரலாம். நம் பள்ளிப் பாத்தி போன வருஷம் மார்ச்சில் எவ்வளவு அழகாக இருந்தது! ஆனால் லீவு விட்டதும் ஊற்ற ஆள் இல்லை. மே மாதம் வெறும் குச்சிதான் நின்றது. பூ வரவேண்டிய நேரத்தில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும். இதுதான் நம் சிக்கல்.

அறிவியல் சாரிடம் பேசிவிட்டேன். விதையை இந்த வாரமே குழித்தட்டில் போட்டு, ஆய்வகத்தின் கிழக்கு ஜன்னல் ஓரம் வைக்கலாம் என்றார். பனி குறைந்ததும் பிப்ரவரி கடைசியில் பாத்திக்கு மாற்றணும். மிலார் கிடைக்காவிட்டால் பழைய சாக்கு போதும். ஏப்ரல், மே லீவில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் ஊற்ற, பள்ளிக்குப் பக்கத்தில் குடியிருக்கும் 12 பேர் தேவை. ஒருவருக்கு வாரத்தில் ஒரு முறைகூட வராது. கோடையில் குழாயில் தண்ணீர் முறைவைத்துத்தான் வரும் என்பதால், சத்துணவுக் கூடத்துப் பக்கம் இருக்கும் தொட்டியில் மழைநீர் பிடித்துவைக்க வாட்ச்மேன் தாத்தா ஒத்துக்கொண்டிருக்கிறார்.

இதுவரை ஐந்து பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் வெள்ளிக்கிழமைக்குள் 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவில் என்னிடமோ, அறிவியல் சாரிடமோ சொல்லவும். வீட்டில் பழைய சாக்கு இருந்தால் கையோடு எடுத்து வரவும்.