சேரும் முன் கேளுங்கள்

துணை சுகாதார நிலையத்துச் செவிலியரை நமக்குத் தெரியும். அவர் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடுகிறார். கர்ப்பிணிகளின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கிறார். இரத்தசோகை இருந்தால் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறார். சமவெளியில் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் வேண்டும். மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3000 பேருக்கு ஒன்று வேண்டும். இது அரசு வகுத்த அளவு.

இந்த வேலைக்கு உரிய படிப்பின் பெயர் ஏ.என்.எம். துணைச் செவிலியர் படிப்பு என்று சொல்லலாம். தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்பவரைக் கிராம சுகாதாரச் செவிலியர் என்பார்கள். தம் மகளும் இப்படி ஆக வேண்டும் என்று பல தாய்மார்கள் ஆசைப்படுகிறார்கள். அப்படி ஒரு தாயும் ஒரு செவிலியரும் பேசுவதைப் படியுங்கள்.

தாய்: சிஸ்டர், என் மகள் பன்னிரண்டாம் வகுப்பு பாஸ் பண்ணிவிட்டாள். ஆறு மாதத்தில் நர்ஸ் ஆகலாம் என்று டவுனில் நோட்டீஸ் கொடுத்தார்கள். முன்பணம் கட்டட்டுமா?

செவிலியர்: பொறுங்கள் அக்கா. ஆறு மாதத்தில் நர்ஸ் ஆக முடியாது. நான் படித்த ஏ.என்.எம். படிப்பே இப்போது இரண்டு வருடம்.

தாய்: ‘அங்கீகாரம் பெற்றது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே!

செவிலியர்: யார் கொடுத்த அங்கீகாரம்? எந்தப் படிப்புக்கு? அதைக் கேளுங்கள். வேறு எதற்கோ வாங்கிய சான்றைக் காட்டுகிறவர்களும் உண்டு.

தாய்: அப்படியானால் அந்தப் படிப்பு வீணா?

செவிலியர்: வீண் என்று சொல்ல மாட்டேன். நோயாளியைக் குளிப்பாட்டவும், சாப்பாடு ஊட்டவும் உதவியாளர்கள் வேண்டும். அதுவும் நல்ல வேலைதான். ஆனால் அது உதவியாளர் வேலை. நர்ஸ் ஆக்குகிறோம் என்று சொல்லி அதற்குப் பணம் வாங்கினால் அது ஏமாற்று.

தாய்: படிப்பு சரியானதா என்று எப்படித் தெரியும்?

செவிலியர்: ஒவ்வொரு மாநிலத்திலும் நர்சிங் கவுன்சில் இருக்கிறது. படித்து முடித்தவர் அதில் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே ஒரு பதிவு எண் தருவார்கள். அந்த எண் இருந்தால்தான் சட்டப்படி செவிலியர். அங்கீகாரம் இல்லாத பள்ளியில் படித்தால் பதிவு கிடைக்காது. பணமும் போகும், வருடமும் போகும்.

ஏ.என்.எம். படிப்பில் யார் சேரலாம்?

பன்னிரண்டாம் வகுப்பில் தேறியிருக்க வேண்டும். அறிவியல் பிரிவுதான் படித்திருக்க வேண்டும் என்பது இல்லை. கலைப் பிரிவில் படித்தவரும் சேரலாம். சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 வயது முடிய வேண்டும். 35 வயது வரை சேரலாம். ஆகவே, திருமணம் ஆகிவிட்டதே என்று யாரும் மனம் தளர வேண்டாம்.

உடல்நலம், சத்துணவு, தொற்றுநோய், முதலுதவி, குழந்தை நலம், பேறுகாலக் கவனிப்பு ஆகியவற்றைக் கற்றுத் தருவார்கள். இரண்டாம் ஆண்டில் ஆறு மாதம் நேரடிப் பயிற்சி உண்டு.

நாடு முழுவதற்கும் இந்தப் பாடத்திட்டத்தை வகுத்தது இந்திய நர்சிங் கவுன்சில். அது 1947-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்தது. 2023-இல் நாடாளுமன்றம் இத்துறைக்குப் புதிய சட்டம் இயற்றியது. ஆகவே விதிகள் மாறலாம். சேரும் ஆண்டில் உள்ள விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

படிப்படியாக மேலே போகலாம்

ஏ.என்.எம். முதல் படி. பதிவு பெற்ற ஏ.என்.எம். செவிலியர் அடுத்து ஜி.என்.எம். படிக்கலாம். அது மூன்று வருடப் படிப்பு. அதை முடித்தவர் பெரிய மருத்துவமனையில் செவிலியராக வேலை பார்க்கலாம். பிறகு இன்னும் இரண்டு வருடம் படித்தால் பி.எஸ்சி. நர்சிங் பட்டம் பெறலாம். அதன் பிறகு நர்சிங் பள்ளியில் ஆசிரியராகவும் ஆகலாம்.

பன்னிரண்டாம் வகுப்பில் அறிவியலும் உயிரியலும் படித்தவருக்கு வேறு வழியும் உண்டு. அவர் நேராக நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங் படிப்பில் சேரலாம்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

1. படிப்பின் பெயர் என்ன? எத்தனை வருடம்?
2. மாநில நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதா?
3. அந்த அங்கீகாரம் இந்த ஆண்டுக்கும் உண்டா?
4. எந்த மருத்துவமனையில் பயிற்சி தருவார்கள்?
5. மொத்தக் கட்டணம் எவ்வளவு? ரசீது தருவார்களா?

இரண்டாவது கேள்விக்குப் பள்ளிக்காரர் சொல்லும் பதில் மட்டும் போதாது. கவுன்சிலிலேயே கேளுங்கள். அசல் சான்றிதழ்களை யாரிடமும் அவசரப்பட்டுக் கொடுக்காதீர்கள். நோட்டீஸை நீங்களே எழுத்துக் கூட்டிப் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

படியுங்கள், எழுதுங்கள்

செவிலியர் – அங்கீகாரம் – பதிவு எண் – கட்டணம் – ரசீது

விடை எழுதுங்கள்

1. ஏ.என்.எம். படிப்பு எத்தனை வருடம்?
2. எத்தனை வயது வரை அதில் சேரலாம்?
3. படித்து முடித்தவர் எங்கே பதிவு செய்ய வேண்டும்?

கூடிப் பேசுங்கள்

உங்கள் பகுதியில் செவிலியர் படிப்புக்கு விளம்பரம் செய்கிறவர்கள் உண்டா? அந்த விளம்பரத்தை வகுப்புக்குக் கொண்டு வாருங்கள். மேலே உள்ள ஐந்து கேள்விகளில் எத்தனைக்கு அதில் பதில் இருக்கிறது என்று சேர்ந்து பாருங்கள்.